அடுத்தடுத்து அடி விழும்போது: நேரம் சரியில்லையா, யாராவது குறிவைக்கிறார்களா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. எட்டு மாதத்துக்குள் வேலை போனது, கையிலிருந்த செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார், வெளியே நிறுத்தியிருந்த வண்டி காணாமல் போனது, கடைசியாக வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில் பின்கதவை நெம்பி உள்ளே புகுந்து அலமாரியைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது தூக்கம் இல்லை, இரவில் பலமுறை எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறார், சின்னச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடக்கிறது. நேரம் சரியில்லையா, யாராவது எங்களைக் குறிவைக்கிறார்களா, இந்தப் பயத்தோடு எப்படி இருப்பது, வீட்டை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாரோ ஒருவர் இத்தனையையும் பின்னாலிருந்து நடத்துகிறார் என்று நினைக்கவும் நீங்கள் எழுதியதில் எந்தத் தடயமும் இல்லை. ஆனால் "எல்லாம் தற்செயல், போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவும் மாட்டேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் ஒன்று, அந்த வீட்டுத் திருட்டு, திரும்ப நடக்கக்கூடிய வகை. அதற்குச் சில வாரங்களுக்குள் செய்துமுடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. உங்கள் பயத்தை அந்த வேலைக்குச் செலவழியுங்கள், வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். ஆரம்பிப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம், அதனால் அதைப் பற்றித்தான் அதிகமாக எழுதப்போகிறேன்.

முதலில் "அடுத்தடுத்து" என்ற விஷயம். "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்று பழமொழி சொல்பவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இல்லை, ஆனாலும் அது உண்மை மாதிரியே தோன்றுகிறது. அப்படித் தோன்ற முதல் காரணம், தற்செயல் எப்படி இருக்கும் என்று நம் மனதில் இருக்கும் படமே தப்பு. கெட்ட விஷயங்கள் சமமான இடைவெளி விட்டு, மரியாதையாக ஒவ்வொன்றாக வரும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையான தற்செயல் கொத்துக்கொத்தாகத்தான் விழும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து லண்டன். 1944 ஜூனில் இருந்து ஜெர்மனி வி-1 என்ற பறக்கும் குண்டுகளை லண்டன் மேல் ஏவியது. சில பகுதிகளில் திரும்பத் திரும்ப விழுந்தது, சில பகுதிகளில் விழவே இல்லை. குண்டுகள் குறிப்பிட்ட இடங்களையே தேடி வந்து விழுகின்றன என்று பேச்சு. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியல் நிபுணர் இதைச் சோதித்துப் பார்த்தார், 1946ல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒரே பக்கம்தான். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்து, அதைக் கால் சதுர கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பிரித்தார். மொத்தம் விழுந்தவை 537 குண்டுகள், அதாவது சராசரியாகக் கட்டத்துக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை, 211 கட்டங்களில் ஒன்று, 93ல் இரண்டு, 35ல் மூன்று, 7ல் நான்கு, ஒரே ஒரு கட்டத்தில் அதற்கும் மேல். பிறகு, குறியே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு வீசினால் எத்தனை கட்டம் காலியாக இருக்கும் என்று பாய்சான் பரவல் என்ற கணித விதியை வைத்துக் கணக்கிட்டார். சுமார் 227 வந்தது. நான்கு குண்டு வாங்கும் கட்டங்கள் எத்தனை என்பதற்குச் சுமார் 7. நடந்ததும் கணக்கும் கிட்டத்தட்ட ஒட்டிப்போயின. அந்த நான்கு குண்டு விழுந்த கட்டத்தில் குடியிருந்தவருக்கு "நம்மைத்தான் குறிவைக்கிறான்" என்று தோன்றியிருக்குமா, இல்லையா? நிச்சயம் தோன்றியிருக்கும். அவர் முட்டாள் இல்லை. அவர் பார்த்தது தன் ஒரு கட்டத்தை மட்டும்.

நீங்களும் இப்போது அப்படி ஒரு கட்டத்துக்குள் இருந்துதான் பார்க்கிறீர்கள். கோடிக்கணக்கான குடும்பங்களில் எட்டு மாதத்துக்குள் ஐந்து அடி வாங்கும் குடும்பங்கள் சில எப்போதும் இருக்கத்தான் செய்யும், அவர்கள் என்ன செய்தார்கள், யார் மனதைப் புண்படுத்தினார்கள் என்பதற்கெல்லாம் தொடர்பே இல்லாமல்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆறுதல் சொல்பவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்: "இவ்வளவு பட்டாச்சு, இனி நல்லதுதான் நடக்கும்." அதுவும் கணக்கில் நிற்காது. 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதி ஒன்றில் சுழல் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. பதினைந்தைத் தொட்டதும் இனி சிவப்புதான் வந்தாக வேண்டும் என்று ஆட்கள் பணத்தைக் கொட்டினார்கள், கொட்டியவர்கள் எல்லாம் இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. நாளைக்கு உங்கள் செல்போன் பறிபோகும் வாய்ப்பு, ஏற்கெனவே ஒருமுறை பறிபோனதால் கூடவும் இல்லை, கடன் தீர்ந்தது என்று குறையவும் இல்லை.

தாயத்து, பரிகாரம் என்று யாராவது ஆரம்பித்திருப்பார்கள், ஆரம்பித்திருந்தால் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். மனிதர்கள் அதைத் தேடிப் போவது நிலைமை அடிமட்டத்தில் இருக்கும்போது. அடிமட்டத்தில் இருந்து எதுவுமே செய்யாமல் இருந்தாலும் பெரும்பாலும் சராசரிக்குத் திரும்பித்தான் வரும். பலித்ததாகத் தோன்றுவது அதனால்தான். மன நிம்மதிக்குச் சின்னதாக ஏதாவது செய்துகொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் வேலை இல்லாத நேரத்தில் கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

சரி, எல்லாமே குண்டு மாதிரித் தற்செயல்தானா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு தாளில் ஐந்து சம்பவங்களையும் எழுதி, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருந்திருக்குமா என்று கோடு போட்டுப் பாருங்கள். வேலை போன கவலையில் தெருவில் கவனம் இல்லாமல் நடந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் வண்டியை வழக்கமான இடத்தில் விடாமல் எங்கேயோ இரவு முழுக்க விட்டிருக்கலாம். வீடு பல நாள் பகலில் பூட்டியே கிடந்திருக்கும், அதையும் யாரோ கவனித்திருக்கலாம். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, திருடியவன் திருடினான். ஒரு கஷ்டம் நம் நேரத்தையும் பணத்தையும் கவனத்தையும் சாப்பிட்டுவிடுகிறது, அந்த ஓட்டை வழியாக அடுத்தது நுழைகிறது, அவ்வளவுதான். விதி என்று நினைத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இப்படிப் பார்த்தால் ஏதாவது ஒரு கோட்டையாவது வெட்டலாம்.

அந்தத் திருட்டுக்கு வருவோம். மின்னல் ஒரே இடத்தில் இரண்டு முறை விழாது என்பார்கள். மின்னல் விஷயத்திலேயே அது பொய், வீட்டுத் திருட்டில் அதைவிடப் பெரிய பொய். ஒருமுறை திருடு போன வீடு மறுபடி திருடு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம், அதுவும் முதல் சில வாரங்களில்தான் அதிகம். 1980களில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் குற்றவியல் ஆய்வாளர் கென் பீஸும் அவர் குழுவும் இதைத் தெளிவாகக் கண்டார்கள், அங்கே ஏற்கெனவே திருடு போன வீட்டுக்கான அபாயம் மற்ற வீடுகளைவிடச் சுமார் நான்கு மடங்கு. காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்த வீட்டிலேயே ஏதோ ஒன்று திருடனுக்கு வசதியாக இருக்கிறது, மறைவான பின்பக்கம், லேசான கதவு இப்படி ஏதாவது, அது யார் வந்தாலும் கண்ணில் படும். இரண்டாவது, முதல்முறை வந்தவனே திரும்ப வருகிறான், ஏனென்றால் அவனுக்கு இப்போது உள்ளே வழி தெரியும், தூக்க முடியாமல் விட்டுப்போனது என்ன என்று தெரியும், போனதற்குப் பதில் புதிதாக வாங்கி வைத்திருப்பீர்கள் என்றும் தெரியும்.

அக்கம்பக்கத்துக்கும் இது கொஞ்சம் பரவுகிறது. ஐந்து நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2007ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், திருடு போன வீட்டிலிருந்து 200 மீட்டர் தூரத்துக்குள் உள்ள வீடுகளுக்கும் குறைந்தது இரண்டு வாரத்துக்கு அபாயம் கூடுதலாக இருந்தது. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள், உங்களுக்காக மட்டும் இல்லை, அவர்களுக்காகவும்.

கிர்க்ஹோல்டில் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். எல்லா வீடுகளுக்கும் பாதுகாப்பு போடப் போகவில்லை. திருடு போன வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த வழியாக உள்ளே வந்தானோ அந்த வழியை உடனே பலப்படுத்தினார்கள். காசு போட்டு ஓடும் எரிவாயு, மின்சார மீட்டர்கள், அதாவது வீட்டுக்குள்ளேயே ரொக்கம் சேர்ந்து கிடக்கும் பெட்டிகள், அவற்றை அகற்றினார்கள். சுற்றியிருக்கும் ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் "கொஞ்சம் கண் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பில் வீட்டுத் திருட்டு சுமார் முக்கால் பங்கு குறைந்தது. எல்லோரும் பயப்படும் கேள்வி ஒன்று, "இங்கே அடைத்தால் பக்கத்துத் தெருவுக்குப் போவான், அவ்வளவுதானே?" குற்றவியலில் இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்கள். முழுதாக இடம் மாறிப்போவது அபூர்வம், சில நேரம் பக்கத்து இடங்களிலும் சேர்ந்தே குறைகிறது.

ஆக, இந்த வாரம் செய்யவேண்டியது: நெம்பிய கதவைச் சரிசெய்து, கதவு நிலையின் சட்டத்துக்குள் ஆழமாக இறங்கும் பூட்டாகப் போடுங்கள், கதவு மட்டும் இல்லை, சட்டமும் திடமாக இருக்க வேண்டும், பல கதவுகள் பூட்டில் உடைவதில்லை, சட்டத்தில்தான் பிளக்கின்றன. அப்புறம் அந்தப் பக்கத்து ஜன்னல்கள். சாவி எதுவும் காணாமல் போயிருந்தால் பூட்டில் சாவி நுழையும் உருளையையே மாற்றிவிடுங்கள். வீட்டில் ஆள் இருப்பது போலத் தெரிவது திருடர்களை நிறுத்தும் விஷயங்களில் முக்கியமானது என்று தண்டனை பெற்ற திருடர்களையே பேட்டி எடுத்த ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலானவர்கள் மோதலைத் தேடி வருவதில்லை, ஆள் இல்லாத வீட்டைத்தான் தேடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் பகலில், ஆள் இல்லாதபோதுதானே வந்தான். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் பயந்து உட்கார்ந்திருப்பது அவன் வந்த நேரமே இல்லை, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நேரம் பார்த்து எரியும் விளக்கு ஒன்று, நீங்கள் ஊரில் இல்லாதபோது வந்து போகும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர், இவை போதும்.

போலீசில் புகார் கொடுக்கவில்லை என்றால் கொடுங்கள், பொருள் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக இல்லை, காப்பீடு, அடையாள அட்டை போன்றவற்றுக்கு அந்தத் தாள் தேவைப்படும். அப்புறம் ஒரு எச்சரிக்கை, பொருள் இழந்தவர்களை அடுத்துக் குறிவைப்பவர்கள் மோசடிக்காரர்கள். "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் கடவுச்சொல் போடுங்கள்", "கட்டணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம்" என்று வரும் எதுவாக இருந்தாலும் பொய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பயந்துபோயிருக்கும் மனிதர் சீக்கிரம் மாட்டுவார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தலையணைக்கு அடியில் கத்தி, இரும்புக் கம்பி என்று யோசித்தால் வேண்டாம். அரைத்தூக்கத்தில் இருட்டில் எதிரே நிற்பது யார் என்று தெரியாது, தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் வீட்டு ஆளாகத்தான் இருக்கும்.

கேமரா? இதில் எனக்குக் கலவையான கருத்து உண்டு. வாசலில் ஒன்று இருக்கட்டும், பதிவாகட்டும். ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் போனில் மணி அடிக்கும்படி வைத்தால், பூனை நடந்தால் மணி, காற்றில் கிளை ஆடினால் மணி, நாள் முழுக்க உங்கள் உடம்புக்கு "ஆபத்து, ஆபத்து" என்று நீங்களே காசு கொடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்த அறிவிப்பை அணைத்துவிட்டுப் பதிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் முடிந்ததும் நிறுத்தவேண்டும், பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிறுத்துவதில்லை. இரண்டாவது பூட்டுக்கு அப்புறம் மூன்றாவது, மூன்றாவதுக்கு அப்புறம் ஜன்னலையே திறக்காமல் இருப்பது, அப்புறம் மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே போகாமல் இருப்பது. ஜோனாதன் ஜாக்சன், எமிலி கிரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் லண்டன்வாசிகளிடம் கேட்டு 2010ல் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் உபயோகமாகப் பட்டது. குற்றத்துக்குப் பயப்படுகிறேன் என்று சொன்னவர்களில் சுமார் நான்கில் ஒருவர் வேறு மாதிரி இருந்தார்கள். பயந்தார்கள், முன்னெச்சரிக்கை எடுத்தார்கள், அதனால் பாதுகாப்பாக உணர்ந்தார்கள், அந்தப் பயமோ முன்னெச்சரிக்கையோ அவர்கள் வாழ்க்கையைக் கெடுக்கவில்லை. பயம் அங்கே ஒரு வேலை செய்துவிட்டு நகர்ந்துவிட்டது. மற்றவர்களுக்குப் பயமும் இருந்தது, வாழ்க்கையும் சுருங்கியது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த முன்னெச்சரிக்கையைச் செய்த பிறகு மனம் அடங்குகிறதா, இல்லை இன்னொன்றைக் கேட்கிறதா? இன்னொன்றைக் கேட்டால் பிரச்சினை கதவில் இல்லை.

தாழ்ப்பாளைப் பார்க்கும் பழக்கத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் வான் டென் ஹவுட், கிண்ட் இருவரும் 2003ல் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல மனநிலையில் இருக்கும் ஆட்களைக் கணினித் திரையில் ஒரு எரிவாயு அடுப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியில் எந்தக் குமிழைப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் சரியாகத்தான் சொன்னார்கள், ஆனால் அந்த நினைவு மங்கிப்போயிருந்தது, "உறுதியாகத் தெரியுமா" என்றால் தயங்கினார்கள். அதாவது திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்கவில்லை, உண்டாக்கியது. நோய் எதுவும் இல்லாதவர்களுக்கே. இரவில் நாலாவது முறை எழுந்து பார்க்கும்போது உங்களுக்கு முன்பைவிடக் குறைவான நிச்சயமே இருக்கிறது அல்லவா, அதன் காரணம் இதுதான். அதனால் ஒரே ஒரு முறை, விளக்கைப் போட்டு, கையால் இழுத்துப் பார்த்து, "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்து படுங்கள். அதற்கு மேல் எழத் தோன்றும், அந்த உந்துதலோடு படுத்தே கிடங்கள். முதலில் ஏறும், நெஞ்சு அடிக்கும், பிறகு தானாக இறங்கும், ஏறிக்கொண்டே போகும் சக்தி உடம்புக்குக் கிடையாது. எழுந்து பார்த்துவிட்டால் அந்த இறக்கத்தை நீங்கள் அனுபவிக்கவே மாட்டீர்கள், "பார்த்ததால்தான் தப்பித்தோம்" என்று மனம் கணக்கு எழுதிவிடும். நான் சந்திக்கும் பலருக்கு முதல் சில இரவுகள் மோசம், அதற்குப் பிறகு நிலைமை மாறுகிறது. வீட்டில் இருவர் இருந்தால் ஒருவரே பூட்டுங்கள், மற்றவர் கேள்வி கேட்காமல் நம்புங்கள். "பூட்டினாயா, பூட்டினாயா" என்று கேட்பதும் எழுந்து பார்ப்பது மாதிரிதான்.

வெளியே போகாமல் இருப்பதும் இதே ரகம். செல்போன் பறித்த தெருவை எப்போதும் சுற்றிக்கொண்டே போனால் அந்தத் தெரு உங்கள் மனதில் வளர்ந்துகொண்டே போகும், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சும்மா சொல்லவில்லை. பகலில், ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில், முதலில் ஒருவரோடு, பிறகு தனியாகப் போங்கள். ஒரு தகவல் உதவலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் சகாக்களும் ஆராய்ந்தபோது, பாதி அழைப்புகள் நகரத்தின் வெறும் 3 சதவீத முகவரிகளில் இருந்தே வந்திருந்தன. இது 1989ல் வெளிவந்தது, அதன் பிறகு பார்த்த நகரங்களிலும் இதே போன்ற குவிப்புதான். குற்றம் ஊர் முழுக்கப் புகை போலப் பரவிக் கிடப்பதில்லை, சில இடங்களில், சில நேரங்களில் குவிந்திருக்கிறது. அந்தச் சில இடங்களில் கவனமாக இருங்கள், மற்ற இடங்களில் தலையைத் தூக்கி நடங்கள்.

செய்திகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். எளிதில் நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக எடுத்துக்கொள்வோம் என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973லேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் வன்முறைக் குற்ற விகிதம் 1993க்கும் 2022க்கும் இடையில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது, ஆனால் அந்தக் காலத்தில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணிப்புகளில் அநேகமாக ஒவ்வொரு முறையும் நாட்டில் குற்றம் போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள், தங்கள் பகுதியைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவ்வளவு மோசமாகச் சொல்லவில்லை. திருட்டு வீடியோக்களை இரவில் பார்க்காதீர்கள். ஒன்றைப் பார்த்தால் அந்தச் செயலி அடுத்தடுத்து அதையே தள்ளும்.

பயத்தை விரட்டப் பார்த்தால் போகாது, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். உளவியலாளர் தாமஸ் பார்கோவெக்கின் குழு 1983ல் சோதித்த முறை: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்காருவது, மற்ற நேரத்தில் கவலை வந்தால் "அப்போது பார்த்துக்கொள்கிறேன்" என்று தள்ளிவைப்பது. படிக்கும்போது சிரிப்பு வரலாம். செய்து பாருங்கள், படுக்கையறையில் மட்டும் செய்யாதீர்கள்.

சொந்தக்காரர்கள் கேட்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் திருடனைவிட அது சிலரை அதிகம் காயப்படுத்துகிறது. "ஏன் போனை வெளியே எடுத்தாய்? ஏன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனீர்கள்? யாரிடமாவது நகை பற்றிச் சொன்னீர்களா?" உளவியலாளர்கள் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966ல் செய்த சோதனையில், ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்குவதாகப் பார்வையாளர்களை நம்பவைத்தார்கள். அவளுடைய வேதனையை நிறுத்தத் தங்களால் முடியாது, அது தொடரும் என்று தெரிந்தவர்கள் அவளையே மட்டமாக எடைபோட ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்பவேண்டும் என்றால் அடிபட்டவர்மேல் ஏதாவது குறை இருந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் அது தனக்கும் நடக்குமே. அவர்கள் பேசுவது அவர்கள் பயம். உங்களை நீங்களே குறைசொல்வதிலும் இரண்டு வகை உண்டு. "பின்கதவு லேசாக இருந்தது, மாற்றியிருக்கலாம்" என்பது பரவாயில்லை, மாற்றிவிடலாம். "நான் எப்போதுமே அதிர்ஷ்டம் கெட்ட ஆள்" என்பது அப்படியே கிடந்து அரிக்கும், அதை மாற்ற எந்தப் பூட்டும் கிடையாது.

உடம்பைப் பற்றி. திடுக்கிடுவது, கெட்ட கனவு, அந்த அறைக்குள் போகப் பிடிக்காமல் இருப்பது, எரிச்சல், இதெல்லாம் முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு வரும், தானாகவே குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். உங்களுக்கு ஒருவேளை அந்த எல்லை தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். அதிர்ச்சிக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது பயத்தைக் கிளப்பும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி, பயிற்சி செய்து மாற்றும் முறை, நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று, பொதுவாகச் சில மாதங்களில் முடியும். சம்பவம் நடந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை ஒன்று முன்பு பிரபலமாக இருந்தது, அது பின்னால் வரும் அதிர்ச்சிக் கோளாறைத் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் செய்தது. அதனால் வீட்டில் யாரும் பேச விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், பேச வந்தால் கேளுங்கள், அவ்வளவு போதும். தூக்கத்துக்குக் குடிப்பதும், பழைய மாத்திரைச் சீட்டைத் தேடி எடுப்பதும் வேண்டாம்.

இவ்வளவும் ஒரு நிபந்தனையோடுதான். செய்தது யார் என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்து, அது முன்னாள் துணையாகவோ, மிரட்டிய உறவினராகவோ, பின்தொடரும் ஆளாகவோ இருந்தால், மேலே எழுதிய "பயத்தை அடக்குங்கள்" எதையும் கேட்காதீர்கள். அந்தப் பயம் சரியாகத்தான் சொல்கிறது. ஐ.நா. கணக்குப்படி 2023ல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட சுமார் 85,000 பெண்கள், சிறுமிகளில் ஏறக்குறைய 51,000 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தினரோதான். அப்படி ஒரு ஆள் இருந்தால் தேதி போட்டு எழுதிவையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள், போலீசிடமும் நம்பிக்கையான ஒருவரிடமும் இன்றே சொல்லுங்கள்.

வீடு மாறலாமா என்ற கேள்விக்கு: அப்படிப்பட்ட ஆள் இருந்தால் உடனே மாறுங்கள். வீட்டு உரிமையாளர் கதவைச் சரிசெய்யவே மறுக்கிறார் என்றாலும் மாறுவது நியாயம். இரண்டும் இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் இப்போது வேலை இல்லை, புது இடத்தில் அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது, எந்தச் சத்தம் வழக்கமானது என்றும் தெரியாது, தாழ்ப்பாளைப் பார்க்கும் பழக்கமும் கூடவே வரும். அதற்குள் கதவு முடிந்திருக்கும், தூக்கம் கொஞ்சமாவது திரும்பியிருக்கும். அப்போதும் அந்த வீடு பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாறுங்கள், அதற்கு யாரிடமும் காரணம் சொல்லவேண்டியதில்லை.